ஒரு பெருங்கடலுக்கு எத்தனை பந்தி

உரிய வழியில் வராத மனுவைக் கவனிக்க வேண்டியதில்லை என்பது விதி. ஒரு காகிதம் கீழிருந்து மேலே படிப்படியாக ஏறிப் போக வேண்டும். பதிலும் அதே படிகளில் இறங்கி வர வேண்டும். வருவாய்த் துறையில் இருந்த காலம் முழுவதும் இதைப் பிறருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடிமகளைப் பற்றி விசாரிக்க வேண்டுமானால் ஆட்சியர் அலுவலகம், பிறகு சென்னை, பிறகு டெல்லி, பிறகு அந்த நாட்டில் உள்ள தூதரகம். டோங்கா என்ற நாட்டில் நமக்குத் தூதரகம் கிடையாது. பிஜியில் இருப்பதுதான் அதையும் சேர்த்துப் பார்க்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். இவற்றில் ஒன்றும் தெரியாத, தெரிந்தாலும் மதித்திருக்காத ஒரு சமையல்காரரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தச்சநல்லூரில் எங்களுக்கு எதிர் வீடு அவர். கல்யாணம், வளைகாப்பு, கோயில் கொடை, பதினாறாம் நாள் எதுவானாலும் சமைப்பார். எங்கள் பக்கத்தில் இத்தகையவரைத் தவசிப்பிள்ளை என்போம். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. பெற்றோர் வைத்த பெயரை அவருடைய வாக்காளர் அட்டையில் ஒருமுறை பார்த்ததோடு சரி. நான் அண்ணாச்சி என்பேன். அவர் என்னைத் தாசில்தார் என்பார். நான் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். அரசாங்கம் கொடுக்க மறந்த பதவி உயர்வை அவர் கொடுத்திருந்தார்.

அடக்கமான மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். தன் அவியலைத் தானே புகழ்வார். பிறர் வீட்டுச் சாம்பாரைக் கரண்டியால் தூக்கிப் பார்த்து, "இது என்னவே, ஆத்துத் தண்ணில மஞ்சள் விழுந்துட்டா?" என்பார். நான் சொல்லும் எந்தச் சரியான தகவலையும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் கடைசிப் பந்தி எழுந்ததும் அவர் வேறு ஆளாகிவிடுவார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சாப்பிடாதவன் எவன்லே இருக்கான்?" என்று கேட்டபடி மண்டபத்தைச் சுற்றக் கிளம்புவார். ஜெனரேட்டர் அருகில் உட்கார்ந்திருப்பவன், வேனுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் தவில்காரர், வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பவர் என்று யாராவது அகப்படுவார்கள். அவர்களுக்கு இலை விழும்வரை பாத்திரம் கழுவ விடமாட்டார். மண்டபத்து ஆள் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நிற்பான்.

என் பணி ஓய்வு விருந்திலும் இதைச் செய்தார். மாவட்ட வருவாய் அலுவலர் பெரிய மனசு பண்ணி வந்து, எங்களோடு பந்தியில் உட்கார்ந்திருந்தார். பாயசம் வரவில்லை. நான் சமையல்கட்டுக்கு ஓடினேன். அண்ணாச்சி வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணாச்சி, அதிகாரி காத்துக்கிட்டு இருக்கார்!"

"இருக்கட்டும். அவர் வண்டி ஓட்டுதவன் இன்னும் இலைக்கு வரலையே. கூப்பிட்டா, ஐயா எந்திரிச்ச பொறவுதான் சாப்பிடுவேங்கான். முறையாம்லா! எவன்வே போட்டான் அந்த முறைய?"

அந்த முறையைப் போட்டவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு ஓட்டுநர் அதிகாரிக்கு மூன்றாவது இலையில் உட்கார்ந்த பிறகுதான் பாயசம் வந்தது. அதிகாரி அதை இரண்டு முறை வாங்கிக் குடித்தார். எல்லாரும் அவரைப் போல இருப்பதில்லை. "சமைக்க வந்தவன் ஆளைத் தேடிக்கிட்டு அலையுதான்" என்று சில குடும்பங்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டன. அவருக்கு அதில் வருத்தம் இருந்தது. பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

என் மகள் மின்பொறியியல் படித்தவள். வெயிலிலிருந்து மின்சாரம் எடுத்துச் சின்னத் தீவுகளுக்கு விளக்குப் போடும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, பசிபிக் கடலில் உள்ள டோங்காவுக்குப் போனாள். அவள் போன வாரத்தில் அண்ணாச்சி ஈரத் துண்டோடு வந்து என் கணினி முன்னால் உட்கார்ந்தார்.

"பிள்ளை எங்கன இருக்கு, காட்டும்."

காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"என்னவே இது, பூராவும் நீலமா இருக்கு? ஊரைக் காணோம்?"

"பெரிசாக்கினாத் தெரியும்."

பெரிதாக்கினேன். நீலம்தான் பெரிதானது. கடைசியில் ஒரு கடுகு தெரிந்தது.

"இதுலயா? எத்தனை பேரு?"

எந்த இடத்தைப் பற்றியும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். மலை, ஆறு, மொழி எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. தலைகளைக் கேட்டுப் பந்தியாக மாற்றிக்கொண்டால்தான் அந்த ஊர் அவருக்குள் இறங்கும். டோங்காவில் சுமார் ஒரு லட்சம் பேர் என்றேன். கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "நெல்லையப்பர் தேருக்கு வாற கூட்டம். சமாளிச்சிரலாம்" என்றார். துவாலு பதினோராயிரம் பேர் என்றதும், "கோயில் கொடை" என்று ஒதுக்கினார். நியுவே என்ற தீவில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை என்றபோதுதான் நிமிர்ந்தார்.

"ரெண்டாயிரத்துக்கும் கொறைவா? ஒரு கல்யாணம்லா அது! காலையில இட்லி, மத்தியானம் சாப்பாடு. அதுக்கு ஒரு நாடா?"

"பிரதமர்கூட இருக்கார்."

"பந்தி விசாரிக்க ஆள் வேணும்லா, இருந்துட்டுப் போறாரு."

கிரிபாட்டியைக் காட்டினேன். ஒரு லட்சத்துச் சொச்சம் பேர்தான். ஆனால் அந்த நாட்டின் மேற்குத் தீவுக்கும் கிழக்குத் தீவுக்கும் நடுவே உள்ள கடல், குமரியிலிருந்து காஷ்மீர் வரைக்கும் உள்ளதைவிட நீளம். அது மட்டும் அவரைக் கலங்க வைத்தது. "முதல் இலைக்கும் கடைசி இலைக்கும் இம்புட்டுத் தூரம்னா, எவன் விட்டுப்போனான்னு எப்படிவே தெரியும்?" என்றார். டோங்காவில் நூற்றெழுபது தீவுகள், பெரும்பாலானவற்றில் ஆளே இல்லை என்றேன். "ஆளில்லாத தீவை எதுக்கு எண்ணுதாவ?" என்று கேட்டார். நில அளவைத் துறையின் நோக்கங்களை நான் விளக்கினேன். அவர் எழுந்து போய்விட்டார்.

என் மகள் இருந்தது தலைநகரத் தீவில் அல்ல. ஹாபாய் என்ற தீவுக்கூட்டத்தில், தென்னை உயரம் தவிர வேறு உயரமே இல்லாத ஒரு பவளத் தீவில் இருந்தாள். அங்கே ஆறு கிடையாது. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் குடிக்கிறார்கள். இதைச் சொன்னபோது அண்ணாச்சி நம்பவில்லை. தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் என்பது கீழே ஓடுவது. மேலிருந்து வருவதை எண்ணிக் குடிப்பார்கள் என்றால் கதை போலிருக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கப் போயிருந்தார். நானும் மாப்பிள்ளை வீட்டாருக்கு வேண்டியவன் என்பதால் போயிருந்தேன். மண்டபத்து வாசலில் ஒரு வயதான அம்மாளும் அவருடைய மகனும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். பிஜியில் லாவுடோகா என்ற ஊர்க்காரர்கள். அம்மாளின் தாத்தா கரும்புத் தோட்டத்து வேலைக்குக் கப்பலேறியவர். அவர் ஊர் அம்பாசமுத்திரம் தாலுகா என்பது மட்டும் தெரியும். மூன்று நாளாகச் சொந்தக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கிராமத்தின் பெயராவது இல்லாமல் பழைய ஆவணங்களில் ஒன்றும் தேட முடியாது என்று நான் முறைப்படி எடுத்துச் சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். அண்ணாச்சி குறுக்கே வந்தார்.

"அவர் கெடக்காரு, உள்ள வாங்க ஆச்சி. சொந்தம் கெடைக்கலைன்னா என்ன, இலை கெடைக்கும்லா."

அன்றைக்கு மறுவீட்டு விருந்து, எனவே எங்கள் பக்கத்து வழக்கப்படி சொதி. அந்த அம்மாள் தேங்காய்ப்பாலில் வெந்த முருங்கைக்காயைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நூறு வருடத்துக்கு முந்திய தமிழும் இந்தியும் கலந்த ஒரு பேச்சில், "நம்ம வீட்டுலயும் இதே பால், இதே வாசம்" என்றார். அண்ணாச்சிக்கு அதற்கு மேல் அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. அலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார். அன்று முதல் தினமும் காலையில் அந்த அம்மாளுக்கு ஒரு வணக்கப் படம் போகும். செவ்வாய்க்கு முருகன், வியாழனுக்குத் தட்சிணாமூர்த்தி, சாமி அகப்படாத நாளில் ஒரு ரோஜாப்பூ. இந்தப் படங்களை அனுப்புகிறவர்களைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று இருந்தது. இப்போது இல்லை.

மாட்டுப் பொங்கலன்று காலையில், எங்களுக்கு விடிந்து சில மணி நேரம் ஆனபோது, டோங்காவில் கடலுக்கடியில் இருந்த எரிமலை வெடித்தது. கடல் ஏறியது. சாம்பல் கொட்டியது. அந்த நாட்டை உலகத்தோடு இணைத்திருந்த ஒரே கடலடிக் கம்பிவடம் அறுந்தது. முந்தின நாள் மகள் மின்சாரக் குக்கரில் பொங்கல் வைத்துப் படம் அனுப்பியிருந்தாள். வெடித்த அன்று காலையில்தான் அதன் கீழே நான், "சர்க்கரை குறைவு" என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில் ஒற்றை டிக் விழுந்து அப்படியே நின்றது.

நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். உதவி எண்ணுக்குப் பேசினேன், இணையத்தில் பதிந்தேன், ஆட்சியருக்கு மனு எழுதி நகல்களைச் சென்னைக்கும் டெல்லிக்கும் அனுப்பினேன். எல்லா இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். தகவல் தொடர்பு இல்லை, வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். அதுவும் உண்மை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையே, இன்னும் நல்ல தமிழில் எழுதியிருப்பேன். நாலைந்து நாளில் தலைநகரத் தீவிலிருந்து சிலருடைய குரல்கள் வரத் தொடங்கின. ஹாபாய் பேசவில்லை.

என் மனைவி சாப்பாட்டை நிறுத்தினாள். அறிவித்து நிறுத்தவில்லை, சமைத்து எனக்குப் போட்டுவிட்டு, "பொறவு சாப்பிடுதேன்" என்பாள். நான் அதைக் கவனிக்கவில்லை. மனுக்களின் நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டிலிருந்து அவர் கவனித்திருந்தார். கொரோனாவின் மூன்றாவது அலை அப்போது. கல்யாணங்கள் சுருங்கி அவருக்கும் வேலை இல்லை. ஒரு காலையில் தூக்குவாளியும் நறுக்கிய இலையுமாக வந்து, எங்கள் வீட்டுக் கூடத்தில் தரையில் இலையைப் போட்டார்.

"மதினி, உக்காருங்க."

"பசிக்கல அண்ணாச்சி."

"பசிக்குதான்னு நான் கேக்கலியே. இலை போட்டாச்சு. போட்ட இலையை மடக்கிக்கிட்டுப் போற பழக்கம் எனக்குக் கெடையாது."

"என் புள்ளை அங்க தண்ணி குடிச்சுதோ என்னமோ..."

"குடிச்சிருப்பா. குடிக்காட்டி விட்டுருவமா? உக்காருங்க, மொதல்ல ரசம்."

அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். அவர் கரண்டியோடு நின்றார். தினமும் வந்தார்.

பிறகு என்னிடம் திரும்பினார். "நீரு எழுதினது எங்கன போயிருக்கு?"

படிகளைச் சொன்னேன்.

"எல்லாம் மேலயே போவுதே. பிள்ளை கீழல்லா இருக்கு. நம்ம பிஜி ஆச்சிகிட்ட கேப்பமா?"

எனக்குக் கோபம் வந்தது. "பிஜிக்கும் டோங்காவுக்கும் எண்ணூறு கிலோமீட்டர் அண்ணாச்சி. நடுவுல வெறும் கடல். வேற நாடு, வேற பாஷை. அந்தம்மா ஒரு தையல்கடை வச்சிருக்காங்க. அவங்க என்ன பண்ணுவாங்க?"

"எண்ணூறுதானே? மெட்ராசைத் தாண்டினா நெல்லூரு. பக்கத்து ஊருதான்வே."

அந்தக் கடலை அவர் கடைசிவரை கடலாகப் பார்க்கவில்லை. கடுகுகள் மட்டுமே அவர் கண்ணில் பட்டன. கடுகுக்கும் கடுகுக்கும் நடுவில் இருந்த நீலம், இலைக்கும் இலைக்கும் நடுவிலுள்ள தரை மாதிரி. அது பிழை. பூகோளத்தில் பெரிய பிழை. நான் திருத்தினேன். அவர் அதற்குள் அலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆச்சி, நல்லாருக்கியளா? இன்னைக்குப் படம் வந்துதா? ... சரி. நம்ம தாசில்தார் பிள்ளை டோங்கால இருக்கா. சத்தம் இல்ல. ஒங்க ஊருலேருந்து அங்க ஏதும் கப்பல் போவுதா?"

அந்த அம்மாள் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். மறுநாளே சொன்னார். பிஜித் துறைமுகத்தில் ஒரு கப்பலில் அரிசியும் தண்ணீர்ப் புட்டிகளும் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், இரண்டு நாளில் டோங்காவுக்குப் புறப்படும். கப்பல் அதிகாரியைப் பார்க்க வழியிருக்கிறதா என்று நான் கேட்கச் சொன்னேன். அண்ணாச்சி என் கையைத் தட்டிவிட்டார்.

"ஆச்சி, அதிகாரி வேண்டாம். அந்தக் கப்பல்ல சமையல் யாரு?"

எனக்கு அது விளையாட்டாகத் தோன்றியது. அவர் கப்பலையே பார்த்தவரில்லை, மண்டபத்தைத்தான் பார்த்தவர். மண்டபத்தில் எங்கே எவன் இருக்கிறான் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது, சமையல்கட்டுக்குத் தெரியும் என்பது அவருடைய வாழ்நாள் அனுபவம். அதையே கடலில் வைத்துப் பார்த்தார். விசாரித்ததில், கப்பலின் சமையல்காரர் பிஜியின் பூர்வகுடிக்காரர் என்றும், அந்த அம்மாளின் கடையில்தான் அவருடைய மனைவி ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்குப் போகும் உடைகளைத் தைத்துக்கொள்கிறாள் என்றும் தெரிந்தது. துறைமுக நகரத்தில் அவர்களுக்கு வீடு. அம்மாளே பேருந்து ஏறிப் போய்ப் பார்த்தார்.

இன்னொரு இடைஞ்சல் இருந்தது. கொரோனா உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக, டோங்காவில் வெளியாள் யாரையும் கரையிறங்க விடவில்லை. சரக்கை இறக்கிவிட்டு, மூன்று நாள் ஒருவரும் தொடாமல் கிடக்க வைத்து, அதன் பிறகே எடுத்தார்கள். நான் இதைச் சொன்னேன்.

"அரிசிக்குமா மூணு நாள் தீட்டு?" என்றார் அண்ணாச்சி. ஆனால் அவருக்கு அது தடையாகப் படவில்லை. "சமையல்காரன் எறங்காட்டி என்ன? மூட்டை எறங்கும்லா? ஹாபாய்க்குப் போற மூட்டை எதுன்னு அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?"

ஹாபாய்க்கென்று ஒதுக்கிய அரிசி மூட்டைகள் சிலவற்றில் அந்தக் கப்பல் சமையல்காரர் காகிதம் ஒட்டினார். மகளின் பெயர், அவள் இருந்த தீவின் பெயர், அங்கே விளக்குப் போட வந்த இந்தியப் பெண் என்ற விவரம். அதன் கீழே, இவள் எப்படி இருக்கிறாள் என்று யாராவது சொல்லுங்கள் என்று டோங்கா மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, இரண்டு எண்கள். ஒன்று லாவுடோகா அம்மாளுடையது. இன்னொன்று அண்ணாச்சியுடையது. மனுதாரரின் எண் அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்டேன். "நீரு எடுத்தா, யார் பேசுதீங்க, எந்தத் துறைன்னு கேப்பேரு" என்றார்.

கப்பல் போனது. மூன்று நாள் தீட்டு கழிந்தது. உள்ளூர்ப் படகு ஒன்று மூட்டைகளை ஹாபாய்க்குக் கொண்டுபோயிற்று என்பது வரைக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு மறுபடியும் சத்தமில்லை. அண்ணாச்சி முதல்முறையாகப் பேச்சைக் குறைத்தார். காலையில் வந்து, இலை போட்டு, என் மனைவி கடைசி வாய் எடுக்கும்வரை நின்று, போய்விடுவார். ஒருநாள் அவர் சாப்பிட்டாரா என்று நான் கேட்டேன். அவரை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. "நானா?" என்றார். அன்றைக்கு என் மனைவி அவருக்கு இலை போட்டாள்.

அவர் போய் இரண்டு வருடமாகிறது. உறங்கியவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய பதினாறாம் நாளுக்குச் சமைத்தவரின் சாம்பார் சுமார். கடைசிப் பந்தி எழுந்ததும் நான் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தேன். பந்தல்காரன் ஒருவன் லாரியின் நிழலில் படுத்திருந்தான். எழுப்பி உட்கார வைத்தேன். நான் பட்டிருக்கும் கடனுக்கு அது போதாது என்று தெரியும்.

எரிமலை வெடித்த அந்தத் தை மாதத்து அமாவாசைக்கு, மூட்டைகள் போயும் மகளிடமிருந்து சத்தமில்லாதிருந்தபோது, தாமிரபரணியில் குறுக்குத்துறைக்குப் போனேன். வருடா வருடம் பெற்றோருக்காகப் போவதுதான். ஆற்றில் பனியோடு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் வரிசையாக உட்கார்ந்தவர்களுக்கு நடுவில் நானும் எள்ளும் தர்ப்பையுமாக உட்கார்ந்தேன். சாஸ்திரிகள் அப்பா பெயரைக் கேட்டார், சொன்னேன். தாத்தா, அம்மா, பாட்டி எல்லாம் ஆயிற்று. பிறகு எல்லாரிடமும் கேட்பது போல என்னிடமும் கேட்டார்.

"வேற யார் பேராவது சொல்லணுமா?"

ஹாபாய் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். சாஸ்திரிகள் மறுபடியும் கேட்டார். "இல்ல" என்றேன். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கையிலிருந்த எள் நனைந்து விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மேல்படியில் சத்தம் கேட்டது. "வே தாசில்தாரே! எந்திரியும்வே!"

வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு, அலைபேசியைத் தலைக்கு மேல் பிடித்தபடி, அண்ணாச்சி படிகளில் இறங்கி வந்தார். உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டினார், ஒருவருடைய செம்பைத் தட்டிவிட்டார். "நடுவுல எழுந்திருக்கப்படாது" என்றார் சாஸ்திரிகள். எழுந்திருக்கக் கூடாதுதான், அந்த முறையும் எனக்குத் தெரியும். எழுந்து, கணுக்கால் தண்ணீரில் நடந்து அவரிடம் போனேன். அவருக்கு மூச்சு வாங்கியது. பேச முடியாமல் திரையை அழுத்தி என் காதில் வைத்தார்.

முதலில் காற்றும் படகு இயந்திரமும் கேட்டன. பிறகு அவள்.

"அப்பா, நான்தான். நல்லாருக்கேன். கை காலுக்கு ஒண்ணுமில்ல. தொட்டித் தண்ணியெல்லாம் சாம்பலாயிட்டு, இப்போ புட்டித் தண்ணி வருது. இங்க டவர் போயிட்டு, இந்தப் படகுக்காரர் போன்ல பேசி வைக்கேன், அவர் சிக்னல் கெடைக்கிற எடத்துக்குப் போயி அனுப்புதேன்னு சொல்லுதார். அம்மாகிட்ட இப்பவே சொல்லுங்கப்பா. இப்பவே."

நான் அங்கேயே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சி என் பக்கத்தில், ஈரப்படியில் உட்கார்ந்து, என் மனைவியின் எண்ணை அழுத்தினார். "மதினி..." என்று தொடங்கினார். அலைபேசியை என்னிடம் நீட்டிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பதில் கிடைத்த நாள்: 31.01.2022, திங்கட்கிழமை, முற்பகல்.